ஐரோப்பிய ஒன்றியம் – உக்ரைன் கூட்டிணைவு ஒப்பந்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2007 மார்ச்சில் பேச்சு தொடங்கியது. 2017 செப்டம்பர் 1-ல்தான் ஒப்பந்தம் முழுமையாக அமலுக்கு வந்தது. இடைப்பட்ட பத்து வருடத்தில் ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார், ஒரு தீபகற்பம் கைவிட்டுப் போனது, கிழக்கே போர் மூண்டது, கடைசியில் நெதர்லாந்து வாக்காளர்கள் வேறு குறுக்கே நின்றார்கள். ஒப்பந்தத்தின் வாசகம் மட்டும் 2012-ல் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஒரு வட்டாரக் கூட்டமைப்பும் ஒரு தனி நாடும் பெரிய ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும்போது, எழுதி முடிப்பது சின்ன வேலை; மற்றதெல்லாம்தான் பெரிய வேலை என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இது யாருக்கும் யாருக்கும் இடையிலான ஒப்பந்தம்?

ஒரு பக்கம் உக்ரைன். இன்னொரு பக்கம் ஐரோப்பிய ஒன்றியம் மட்டுமல்ல, அதன் அப்போதைய 28 உறுப்பு நாடுகளும் தனித்தனியாக. கூடவே ஐரோப்பிய அணுசக்திச் சமூகமும் ஒரு தரப்பு. ஆக, முப்பது கையெழுத்துகளுக்கு மேல். "ஐரோப்பிய ஒன்றியம் கையெழுத்திட்டது" என்று செய்தியில் ஒரே வரியில் படித்துவிட்டுப் போகிறோம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த தலைவலி எல்லாம் இதிலிருந்துதான்.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

486 உறுப்புகள், ஏழு பகுதிகள், கட்டுக்கட்டாகப் பின்னிணைப்புகள். ஒன்றியத்தின் அரசிதழில் 2,000 பக்கங்களைத் தாண்டியது. இருபதுக்கும் மேற்பட்ட ஐரோப்பிய மொழிகளிலும் உக்ரைனிய மொழியிலும் எழுதப்பட்டு, எல்லாமே சம மதிப்புள்ள மூலங்கள்.

அரசியல் உரையாடல், வெளியுறவு, நீதித்துறை, எல்லைக் கட்டுப்பாடு, எரிசக்தி, போக்குவரத்து, சுற்றுச்சூழல், கல்வி, நுகர்வோர் பாதுகாப்பு என்று தொடாத துறையே இல்லை. ஆனால் தடியான பகுதி வர்த்தகம்தான். சுங்க வரிகளில் பெரும்பாலானவற்றை இரு தரப்பும் நீக்குவது, அதைவிட முக்கியமாக, உணவுப் பாதுகாப்பு முதல் மின்சாதனத் தரம் வரை உக்ரைன் தன் விதிகளை ஒன்றியத்தின் விதிகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது. பக்கங்களில் பெரும்பங்கு வரி அட்டவணைதான். அதை முழுக்கப் படித்தவர்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அதற்கு முன் இரண்டுக்கும் இடையே ஒப்பந்தமே இல்லையா?

இருந்தது. 1994 ஜூனில் லக்சம்பர்க்கில் கையெழுத்தாகி, 1998 மார்ச்சில் அமலுக்கு வந்த கூட்டாண்மை, ஒத்துழைப்பு ஒப்பந்தம். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அங்கிருந்து பிரிந்த பல நாடுகளோடும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த ஒப்பந்தங்களில் ஒன்று. சந்திப்போம், பேசுவோம், வர்த்தகத்தில் பாரபட்சம் காட்ட மாட்டோம் என்ற அளவில் நின்றது. அதற்குப் பதிலாகத்தான் புதியது. முதலில் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. 2008 செப்டம்பரில் பாரிஸில் நடந்த உச்சி மாநாட்டில்தான் இது கூட்டிணைவு ஒப்பந்தமாக இருக்கும் என்று முடிவானது. வர்த்தகப் பேச்சும் அந்த வருடம்தான் தொடங்கியது. உக்ரைன் உலக வர்த்தக அமைப்பில் சேர்வது முடிவாகும் வரை அதைத் தொட முடியாத நிலை; முறைப்படி 2008 மே மாதம் சேர்ந்தது.

அப்படியானால் இது உறுப்பினர் ஆவதற்கான முதல் படிதானே?

உக்ரைன் அப்படித்தான் பார்த்தது. ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. முன்னுரை உக்ரைனை ஐரோப்பிய நாடு என்கிறது, அதன் ஐரோப்பிய விருப்பத்தை வரவேற்கிறது. அதோடு சரி. உறுப்பினராகச் சேர்ப்போம் என்ற ஒரு வாக்கியம் எங்கேயும் கிடையாது. அந்த ஒரு வாக்கியத்துக்காக உக்ரைன் தலைநகர் கீவ் தரப்பு கடைசி வரை மல்லுக்கட்டியது. சில மேற்கு ஐரோப்பிய நாடுகள் கடைசி வரை மசியவில்லை.

பேசி முடித்தால் கையெழுத்துப் போட வேண்டியதுதானே, எதற்கு இத்தனை படிகள்?

இந்தியாவில் இருந்து பார்த்தால் இது வியப்பாகத்தான் இருக்கும். இங்கே வெளிநாட்டு ஒப்பந்தத்துக்கு மத்திய அமைச்சரவை தலையசைத்தால் போதும். சட்டத்தை மாற்ற வேண்டிய தேவை இருந்தால் ஒழிய நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை.

ஒன்றியத்தில் அப்படியில்லை. முதலில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அடங்கிய கவுன்சில், பேச்சு நடத்த அனுமதி தர வேண்டும். ஐரோப்பிய ஆணையம் போய்ப் பேசும். முடிந்ததும் இரு தரப்பின் தலைமைப் பேச்சாளர்கள் பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் இடுவார்கள். "இதுதான் நாம் பேசிய வாசகம், இனி மாற்றக் கூடாது" என்று பொருள். சட்ட நிபுணர்களின் சரிபார்ப்பு, மொழிபெயர்ப்பு. கையெழுத்திட மறுபடி கவுன்சில் முடிவு. கையெழுத்து. அப்புறம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சம்மதம். 28 நாடுகளிலும் அந்தந்த நாட்டு வழக்கப்படி ஒப்புதல். எல்லா ஒப்புதல் ஆவணங்களும் பிரஸ்ஸல்ஸில் வந்து சேர்ந்தபின், இறுதியாக ஒருமுறை கவுன்சிலின் முடிவு. அப்போதுதான் ஒப்பந்தம் செய்து முடிக்கப்பட்டதாகக் கணக்கு. கூட்டிணைவு வகை என்பதால் கவுன்சிலில் பெரும்பான்மை போதாது, ஒருமனதாக இருக்க வேண்டும்.

உறுப்பு நாடுகள் ஏன் தனித்தனியாக? வர்த்தகம் மட்டும் என்றால் பெரும்பாலும் ஒன்றியமே தன் அதிகாரத்தில் முடித்துவிடலாம். வெளியுறவு, பாதுகாப்பு, கலாசாரம் எல்லாம் சேர்ந்த விரிவான ஒப்பந்தம் என்றால் அந்தத் துறைகளில் அதிகாரம் தேசிய அரசுகளிடமும் இருக்கிறது. எவ்வளவு விரிவாக எழுதுகிறோமோ அவ்வளவு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவு பேரும் தடுக்கவும் முடியும்.

2011-லேயே பேச்சு முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, ஏன் அப்போதே கையெழுத்தாகவில்லை?

2011 டிசம்பர் 19, கீவ் உச்சி மாநாடு. பேச்சு முடிந்தது என்று அறிவித்தார்கள், ஆனால் சுருக்கொப்பம்கூட இடவில்லை. காரணம் யூலியா திமோஷென்கோ. முன்னாள் பிரதமர், 2010 ஜனாதிபதித் தேர்தலில் விக்டர் யானுகோவிச்சிடம் தோற்றவர். 2009-ல் ரஷ்யாவோடு போட்ட எரிவாயு ஒப்பந்தத்தில் அதிகார மீறல் செய்தார் என்று 2011 அக்டோபரில் அவருக்கு ஏழு வருட சிறை. எதிர்க்கட்சித் தலைவரை உள்ளே வைத்துவிட்டு சட்டத்தின் ஆட்சி பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா என்று ஒன்றியம் பின்வாங்கியது.

அரசியல் பகுதிக்கு 2012 மார்ச் 30-ல் சுருக்கொப்பம், வர்த்தகப் பகுதிக்கு ஜூலை 19-ல். அந்த டிசம்பரில் ஒன்றியம் நிபந்தனைகளை எழுத்தில் வைத்தது: எதிராளிகளைக் குறிவைக்கும் நீதி முறை நிற்க வேண்டும், தேர்தல் குறைகள் சரியாக வேண்டும், சீர்திருத்தம் தொடங்க வேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றம் அயர்லாந்தின் பாட் காக்ஸையும் போலந்தின் முன்னாள் ஜனாதிபதி அலெக்சாண்டர் குவாஷ்னியெவ்ஸ்கியையும் அனுப்பியது. அவர்கள் கீவுக்கு நடையாய் நடந்தார்கள். திமோஷென்கோவைச் சிகிச்சைக்கு ஜெர்மனி அனுப்பலாம் என்ற சமரசம் வரை வந்தது.

ஒன்றியம் அப்படி ஒரே ஆளின் விடுதலையில் எல்லாவற்றையும் கட்டிவைத்தது புத்திசாலித்தனமா என்று இன்றைக்கும் வாதிடுகிறார்கள். என் பார்வையில், நிபந்தனை சரி, கவனம்தான் தப்பு. இரண்டு வருடம் எல்லார் கண்ணும் சிறைக் கதவிலேயே இருந்தது. மாஸ்கோ பக்கம் என்ன நடக்கிறது என்று யாரும் போதுமான அளவு பார்க்கவில்லை.

மாஸ்கோவுக்கு இதில் என்ன வந்தது?

2010-ல் ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான் மூன்றும் சேர்ந்து சுங்க ஒன்றியம் தொடங்கின. உக்ரைன் இல்லாமல் அது முழுமையாகாது என்பது ரஷ்யாவின் எண்ணம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு நாடு எத்தனை பேரோடு வேண்டுமானாலும் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம். உக்ரைன் ரஷ்யாவோடும் வைத்திருந்தது, ஒன்றியத்தோடும் வைத்துக்கொள்ளலாம், சட்டப்படி முரண்பாடு இல்லை. ஆனால் சுங்க ஒன்றியத்தில் சேர்ந்தால் வெளியாருக்கான வரி எல்லாருக்கும் ஒன்றுதான். அப்புறம் தனியாகப் போய் யாருக்கும் வரியைக் குறைக்க முடியாது. அதனால் உக்ரைனுக்கு "இரண்டிலும் ஒரு கால்" என்ற வழி கிடையாது.

அப்போது உக்ரைனின் ஏற்றுமதியில் ரஷ்யாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஏறக்குறைய கால் பங்கு கால் பங்கு. கையை முறுக்க அது போதும். 2013 ஜூலை கடைசியில் உக்ரைனின் ரோஷென் சாக்லேட்டுக்கு ரஷ்யா தடை போட்டது. ஏதோ ரசாயனம் கலந்திருக்கிறதாம். ஆகஸ்டில் எல்லையில் உக்ரைன் சரக்கு லாரிகள் ஒவ்வொன்றையும் பிரித்து மேய்ந்து சோதித்தார்கள். நாள்கணக்கில் வரிசை. ஒப்பந்தம் கையெழுத்தானால் இதுதான் வழக்கமாக இருக்கும் என்று ரஷ்யத் தரப்பில் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

ரோஷென் நிறுவனத்தின் உரிமையாளர் பெயர் பெட்ரோ பொரோஷென்கோ. அந்தப் பெயர் திரும்ப வரும்.

இதே நெருக்கடி வேறு நாட்டுக்கும் வந்ததா?

ஆர்மீனியாவுக்கு. உக்ரைனைப் போலவே கூட்டிணைவு ஒப்பந்தத்துக்கான பேச்சை 2013 ஜூலையில் முடித்துவிட்டது. செப்டம்பர் 3-ல் ஜனாதிபதி செர்ஜ் சர்க்சியான் மாஸ்கோவுக்குப் போனார், சுங்க ஒன்றியத்தில் சேர்கிறோம் என்று அங்கேயே அறிவித்தார். மூன்று வருடத்துக்கும் மேலான உழைப்பு ஒரே பிற்பகலில் போனது. அசர்பைஜானோடு மோதல், ராணுவப் பாதுகாப்புக்கு ரஷ்யாவை நம்பிய நிலை. அவருக்கு வேறு வழி இருந்ததா என்பது தனிக் கேள்வி.

பிறகு ஒன்றியமும் ஆர்மீனியாவும் வர்த்தக வரிப் பகுதியைக் கழற்றிவிட்டு, மிச்சத்தை வைத்து விரிவான கூட்டாண்மை ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்தன. 2017 நவம்பரில் கையெழுத்து, 2021 மார்ச் 1-ல் அமல். அடித்துக்கொள்ளாமல் முடிந்த கதை என்பதால் யாரும் பேசுவதில்லை.

2013 நவம்பர் 21-ல் என்ன நடந்தது?

வியாழக்கிழமை. ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டிய உச்சி மாநாடு லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில், அதற்கு ஒரு வாரம். திமோஷென்கோவைச் சிகிச்சைக்கு வெளியே அனுப்புவதற்கான மசோதாக்கள் அன்றைக்கு உக்ரைன் நாடாளுமன்றமான ராடாவில் வாக்கெடுப்புக்கு வந்தன. ஒன்றுகூட நிறைவேறவில்லை. அதே நாளில் பிரதமர் மிக்கோலா அசாரோவின் அரசு, கையெழுத்துக்கான தயாரிப்புகளை நிறுத்திவைக்கும் உத்தரவை வெளியிட்டது.

அரசு சொன்ன காரணம் பணம். ரஷ்யச் சந்தை போய்விடும், சர்வதேச நாணய நிதியம் எரிவாயு விலையை ஏற்றச் சொல்கிறது, ஒன்றியம் தருவதாகச் சொன்ன 61 கோடி யூரோ உதவி எந்த மூலைக்கு என்றார்கள். இதில் பொய் என்று தள்ள முடியாத பகுதியும் இருக்கிறது. அந்த நாட்டின் கஜானா அப்போது காலியாகிக்கொண்டுதான் இருந்தது.

அன்றிரவே கீவின் மைதான் சதுக்கத்தில் கூட்டம் சேர ஆரம்பித்தது. முஸ்தபா நயீம் என்ற பத்திரிகையாளர் ஃபேஸ்புக்கில் போட்ட அழைப்பு ஒரு பொறி. யானுகோவிச் வில்னியஸுக்குப் போகவும் செய்தார். அங்கே அப்போதைய ஜெர்மன் சான்சலர் அங்கெலா மெர்க்கலோடு நின்று சங்கடத்தோடு பேசிக்கொண்டிருக்கும் வீடியோ உலகம் முழுக்க ஓடியது. கையெழுத்துப் போடவில்லை. நவம்பர் 30 விடியற்காலையில் சதுக்கத்தில் இருந்த மாணவர்களைக் காவல்துறை அடித்து விரட்ட, மறுநாள் லட்சக்கணக்கில் திரண்டார்கள். டிசம்பர் 17-ல் புதின் 1,500 கோடி டாலருக்கு உக்ரைன் கடன் பத்திரங்களை வாங்குவதாகவும், ஆயிரம் கனமீட்டர் எரிவாயுவை 400 டாலரிலிருந்து 268.5 டாலருக்கு இறக்குவதாகவும் அறிவித்தார். கூட்டம் கலையவில்லை. பிப்ரவரியில் துப்பாக்கிச் சூடு. அந்தப் போராட்டத்தில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். 2014 பிப்ரவரி 22-ல் யானுகோவிச் கீவில் இல்லை. திமோஷென்கோ அன்றே விடுதலையானார்.

2,000 பக்க வரி அட்டவணைக்காக மக்கள் உயிரைக் கொடுத்தார்களா என்று கேட்பார்கள். அட்டவணைக்காக இல்லை. எந்தப் பக்கம் போகப் போகிறோம் என்பதை ஒரே இரவில் ஒருவர் மாற்றிவிட்டார் என்ற கோபம் அது. போலீஸ் அடித்த பிறகு அதுவும் பின்னுக்குப் போனது.

கையெழுத்து ஏன் இரண்டு தவணையாக நடந்தது?

மார்ச் மாதம் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்ட அதே நாட்களில் அவசர அவசரமாக ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. ஆகவே 2014 மார்ச் 21-ல் அரசியல் பகுதியில் மட்டும் இடைக்காலப் பிரதமர் ஆர்செனி யட்சென்யுக் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்திட்டார். வர்த்தகப் பகுதியைத் தேர்தலில் வென்று வரும் ஜனாதிபதி போடட்டும் என்று விட்டார்கள்.

வென்று வந்தவர் சாக்லேட் வியாபாரி பொரோஷென்கோ. ஜூன் 27-ல் கையெழுத்திட்டபோது அவர் கையில் இருந்த பேனாவில் "வில்னியஸ், 29 நவம்பர் 2013" என்று பொறித்திருந்தது. யானுகோவிச் கையெழுத்திட வேண்டிய விழாவுக்காகச் செய்த பேனா. அதைத் தேடி எடுத்து வந்திருந்தார். நாடகம்தான், ஆனால் நல்ல நாடகம். அதே நாளில் ஜார்ஜியாவும் மால்டோவாவும் தங்கள் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன.

கிரிமியாவுக்கு ஒப்பந்தம் பொருந்துமா?

சர்வதேசச் சட்டம் அங்கீகரித்த உக்ரைன் நிலப்பரப்பு முழுவதற்கும் பொருந்தும் என்று கையெழுத்தின்போது தனியாகப் பதிவு செய்தார்கள். நடைமுறையில் கிரிமியாவிலிருந்து வரும் பொருளுக்கு ஒன்றியம் தடை போட்டது.

ஒப்புதல் முடியும் முன்பே அமல் செய்தார்களாமே, அது எப்படி?

தற்காலிக அமலாக்கம் என்று ஒரு வசதி உண்டு. 28 நாடாளுமன்றங்களும் முடிக்கும் வரை காத்திருந்தால் வருடங்கள் ஓடிவிடும் என்பதால், ஒன்றியத்தின் அதிகாரத்துக்குள் வரும் பகுதிகளை முன்கூட்டியே நடைமுறைக்குக் கொண்டுவரலாம். 2014 செப்டம்பர் 16-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் கீவில் ராடாவும் வீடியோ இணைப்பில் ஒரே நேரத்தில் வாக்களித்தன. அங்கே 535 பேர் ஆதரவு, 127 பேர் எதிர்ப்பு. இங்கே 355 பேர் ஆதரவு. நவம்பர் 1 முதல் அரசியல் பகுதிகள் நடைமுறைக்கு வந்தன.

வர்த்தகப் பகுதியை மட்டும் ரஷ்யாவின் நெருக்குதலால் 2016 ஜனவரி 1 வரை தள்ளிப்போட்டார்கள். அதற்காக உக்ரைன் ஏற்றுமதியாளர்கள் காத்திருக்கவில்லை. 2014 ஏப்ரலிலேயே ஒன்றியம் தன் பக்க வரிகளை ஒருதலையாகக் குறைத்துவிட்டது. சொன்ன தேதியில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதே தேதியில் ரஷ்யா உக்ரைனோடு இருந்த சுதந்திர வர்த்தகத்தை நிறுத்தி, உணவுப் பொருட்களுக்கும் தடை போட்டது.

நெதர்லாந்து எங்கிருந்து வந்தது?

எல்லா நாடுகளும் ஒப்புதல் கொடுத்துக்கொண்டே வந்தன. நெதர்லாந்தின் இரு அவைகளும்கூட 2015-லேயே நிறைவேற்றிவிட்டன. ஆனால் 2015 ஜூலை 1-ல் அங்கே புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது: 3 லட்சம் கையெழுத்து சேர்ந்தால், நிறைவேறிய சட்டத்தின் மேல் ஆலோசனை வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஒன்றியத்தின் மேல் கடுப்பில் இருந்த ஓர் இணையதளக் கூட்டமும் சில அமைப்புகளும் சோதித்துப் பார்க்க ஒரு சட்டம் தேடின, உக்ரைன் மாட்டியது. 4 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. முன்னின்றவர்களில் சிலர், தங்களுக்கு உக்ரைன் பெரிய விஷயமே இல்லை, குறி ஒன்றியம்தான் என்று பேட்டியிலேயே சொன்னார்கள்.

2016 ஏப்ரல் 6. வாக்களித்தவர்கள் 32.28 சதவீதம், செல்லுபடியாக 30 வேண்டும். அதில் 61 சதவீதம் வேண்டாம் என்றார்கள். ஆதரவாளர்களில் பலர் வாக்களிக்கப் போகாவிட்டால் எல்லைக்கோட்டைத் தொடாது என்று கணக்குப் போட்டு வீட்டில் இருந்தார்கள், இருந்தும் தொட்டுவிட்டது. எம்.எச்.17 விமானம் கிழக்கு உக்ரைன் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 196 டச்சுக்காரர்கள் இறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தத் துயரமும் ஆதரவு வாக்காக மாறவில்லை.

பிரதமர் மார்க் ருட்டேவுக்குத் தர்மசங்கடம். சட்டப்படி வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது, அரசியல்படி தூக்கி எறியவும் முடியாது. மறுபடி பேசி வாசகத்தை மாற்றலாம் என்றால் மற்ற 27 நாடுகளும் முடித்துவிட்டன. கண்டுபிடித்த வழி: ஒப்பந்தத்தைத் தொடாமல், பக்கத்தில் ஒரு தாள். 2016 டிசம்பரில் 28 நாட்டுத் தலைவர்களும் ஒரு முடிவை எழுதினார்கள். இந்த ஒப்பந்தம் உக்ரைனுக்கு வேட்பாளர் தகுதி, அதாவது ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் நாடு என்ற தகுதி, தராது. ராணுவப் பாதுகாப்பு உறுதி தராது. உக்ரைனியர்களுக்கு ஒன்றியத்தில் தங்கி வேலை செய்யும் உரிமை தராது. கூடுதல் பண உதவிக்கு யாரையும் கட்டாயப்படுத்தாது. ஊழல் ஒழிப்பு முக்கியம். இவற்றில் ஒன்றைக்கூட ஒப்பந்தம் ஏற்கெனவே தருவதாகச் சொல்லவில்லை. இல்லாததை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள், வேலை நடந்தது. டச்சு மேலவை மறுபடி 2017 மே 30-ல் ஒப்புதல் கொடுத்தது. ஜூலை 11-ல் கவுன்சிலின் இறுதி முடிவு. செப்டம்பர் 1-ல் முழு அமல்.

கேலி செய்வது எளிது. ஆனால் 28 பேரும் ஒரே தாளில் ஒப்புக்கொள்ளும்படி அதை எழுதியவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே நாளில் கையெழுத்தான ஜார்ஜியா, மால்டோவா ஒப்பந்தங்கள் 2016 ஜூலையிலேயே முழு அமலுக்கு வந்துவிட்டன. வாக்கெடுப்புச் சட்டத்தை நெதர்லாந்து 2018-ல் நீக்கிவிட்டது.

விசா இல்லாமல் போகும் வசதி இந்த ஒப்பந்தத்தில் வந்ததுதானே?

இல்லை. அது 2017 ஜூன் 11-ல் தனியாக வந்தது. பயோமெட்ரிக் பாஸ்போர்ட் இருந்தால் 180 நாளில் 90 நாள். இரண்டும் ஒரே கோடையில் வந்ததால் குழப்பம். சாதாரண உக்ரைனியரைக் கேட்டால் அவர் கொண்டாடியது விசாவைத்தான்.

உக்ரைன் விவசாயிக்கு என்ன கிடைத்தது?

பொருளைப் பொறுத்தது. வேளாண் பொருட்களில் ஒன்றியம் கதவை முழுக்கத் திறக்கவில்லை, கோட்டா வைத்தது. தேனை எடுத்துக்கொள்ளுங்கள். உக்ரைன் உலகின் பெரிய தேன் உற்பத்தி நாடுகளில் ஒன்று. வரியில்லாமல் அனுப்பக் கிடைத்த கோட்டா முதலில் வருடத்துக்கு 5,000 டன். ஜனவரி பிறந்த சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் வரி கட்டித்தான் அனுப்பினார்கள், அப்போதும் கட்டுப்படியானது. கோதுமைக்கு 9.5 லட்சம் டன். அந்த நாட்டின் விளைச்சலுக்கு அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

கோழிக்கறிக் கதை இன்னும் சுவையானது. நெஞ்சுக்கறிக்குக் கோட்டா உண்டு. ஆனால் வரி அட்டவணையில் "மற்ற துண்டுகள்" என்ற வரிசைக்குக் கோட்டாவும் இல்லை, வரியும் இல்லை. உக்ரைன் ஏற்றுமதியாளர்கள் இறக்கை எலும்பை ஒட்டியபடியே நெஞ்சுக்கறியை வெட்டி அனுப்பினார்கள். அட்டவணைப்படி அது "மற்ற துண்டு". ஒன்றியத்துக்குள் போனதும் எலும்பை எடுத்துவிட்டு நெஞ்சுக்கறியாக விற்றார்கள். சட்டத்தில் குற்றமே இல்லை. ஆயிரக்கணக்கான டன் போன பிறகு விழித்துக்கொண்டு, 2019-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி அந்தத் துண்டையும் கோட்டாவுக்குள் இழுத்தார்கள். பதிலுக்குக் கோட்டாவில் 50,000 டன் கூட்டிக் கொடுத்தார்கள். முன்பு சொன்ன அந்த யாரும் படிக்காத அட்டவணையை யாரோ ஒருவர் எழுத்தெண்ணிப் படித்திருக்கிறார்.

உக்ரைன் ஏதாவது விட்டுக்கொடுத்ததா?

நிறைய. சோவியத் காலத்து கோஸ்ட் தர விதிகளைக் கைவிட்டு ஐரோப்பியத் தரங்களுக்கு மாற வேண்டும். சின்னத் தொழிற்சாலைக்கு அது பெரிய செலவு. இன்னொன்று பெயர்கள். சோவியத் காலத்திலிருந்து உக்ரைனில் "ஷாம்பெயின்", "கோன்யாக்" என்ற பெயரிலேயே மது தயாரித்து விற்றார்கள். காஞ்சிபுரம் பட்டு என்று வேறு ஊர்க்காரர் முத்திரை குத்த முடியாத மாதிரிதான் இதுவும்: அந்தப் பெயர்கள் அந்தந்தப் பிரெஞ்சு வட்டாரங்களுக்குச் சொந்தம். விட்டுவிட பத்து வருட அவகாசம் கொடுத்தார்கள். ஃபெட்டா, ராக்ஃபோர் பாலாடைக்கட்டிகளுக்கு ஏழு வருடம்.

இரு தரப்புக்கும் சண்டை வந்தால்?

வருடாந்திர உச்சி மாநாட்டுக்குக் கீழே அமைச்சர் அளவிலான கூட்டிணைவு கவுன்சில், அதற்குக் கீழே அதிகாரிகள் குழுக்கள். பெரும்பாலான உரசல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராதது மரம். உக்ரைன் பதப்படுத்தாத மரத்தின் ஏற்றுமதிக்கு 2015-ல் தடை போட்டது. காடழிகிறது என்பது காரணம். உள்ளூர் மர ஆலைகளுக்கு மலிவாக மரம் கிடைக்கச் செய்கிறீர்கள் என்றது ஒன்றியம். மூன்று நடுவர்கள் கொண்ட குழுவிடம் போனது. 2020 டிசம்பரில் தீர்ப்பு: 2015 தடை ஒப்பந்தத்துக்கு முரண். ஆனால் 2005-லிருந்தே சில அரிய மரவகைகளுக்கு இருந்த பழைய தடை, இயற்கைப் பாதுகாப்புக் காரணத்தால் செல்லும்.

2022 போருக்குப் பிறகும் இந்த ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறதா?

இருக்கிறது. 2022 ஜூனில் ஒன்றியம் மிச்சமிருந்த வரிகளையும் கோட்டாக்களையும் தற்காலிகமாக நீக்கியது. கருங்கடல் துறைமுகங்கள் முடங்கியிருந்ததால் தானியம் எல்லாம் தரைவழியே போலந்து, ருமேனியா பக்கம் திரும்பியது; அங்கே விலை சரிந்து விவசாயிகள் எல்லைச் சாலைகளை மறித்தார்கள். உக்ரைனுக்கு ஆதரவாக முதலில் நின்ற போலந்துதான் அதன் கோதுமைக்குத் தடையும் போட்டது. கடைசியில் அந்தச் சலுகை 2025 ஜூனில் முடிந்தது. அதற்குப் பதில் ஒப்பந்தத்தின் கோட்டாக்களையே திருத்தி, அந்த அக்டோபர் கடைசியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். தேன் இப்போது 35,000 டன்.

2022 ஜூன் 23-ல் உக்ரைனுக்கு வேட்பாளர் தகுதியும் கிடைத்தது. டச்சு வாக்காளர்களுக்காக "தராது" என்று எழுதிக் கொடுத்த அதே தகுதி. ஒப்பந்தம் தரவில்லைதான், போர் தந்தது. அதற்குச் சம்மதித்த தலைவர்களில் அதே மார்க் ருட்டேவும் இருந்தார்.

ஒப்பந்தத்தை யாராவது முறித்துக்கொள்ள முடியுமா?

முடியும். காலவரம்பு இல்லாத ஒப்பந்தம். எந்தத் தரப்பும் எழுத்தில் அறிவித்தால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும்.

உக்ரைன் உறுப்பினராகிவிட்டால்?

சேர்க்கை ஒப்பந்தம் இதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். குரோஷியா 2013 ஜூலையில் சேர்ந்தபோது அதன் பழைய ஒப்பந்தத்துக்கு அதுதான் நடந்தது. உக்ரைனுக்கான சேர்க்கைப் பேச்சு 2024 ஜூனில் முறைப்படி தொடங்கியது. அதற்கும் உறுப்பு நாடுகள் எல்லாம் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும், அதற்கும் ஒவ்வொரு நாட்டின் ஒப்புதல் வேண்டும்.